48 புத்தகம் படித்தும் ஏன் ஒன்றும் தங்கவில்லை?

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். சங்கம், சந்தா எதுவும் கிடையாது. போன வாரம் புதிதாக ஒரு தம்பி வந்திருந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும், மென்பொருள் கம்பெனியில் வேலை. கலைகிற நேரத்தில் என்னிடம் கேட்டார்.

“மேடம், போன வருஷம் 48 புத்தகம் முடிச்சேன். லிஸ்ட் வெச்சிருக்கேன். அதுல பாதி எதைப் பத்தினதுன்னே இப்ப ஞாபகம் இல்லை. படிச்சா சிந்தனை வளரும், நம்மளையே நாம புரிஞ்சுக்குவோம்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவே வளருமா, இல்ல சும்மா சொல்றதா?”

கூடவே இன்னொன்றும் கேட்டார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச வரும், படிக்கத் திணறும். 24 வயதில்தான் எழுத்துக் கற்றுக்கொண்டாராம். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரத்தில் ஓடுகிற பக்கங்கள் தமிழில் ஒரு வாரம் இழுக்கின்றன, அதற்கு மெனக்கெட வேண்டுமா என்று.

வெயில் ஏறிவிட்டது, எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் 26 வருஷமாக எனக்குச் சோறு போடும் வேலை. நானே இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்தால் எப்படி? அதனால் இப்போது விரிவாக.

“நிஜமாவே வளருமா” என்பதிலிருந்து தொடங்குகிறேன். பார்க்கவும் கேட்கவும் பேசவும் நாம் பிறக்கும்போதே மூளையில் ஏற்பாடு இருக்கிறது. படிப்பதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. எழுத்து என்ற ஒன்று வந்தே ஐயாயிரம் வருஷம் சொச்சம்தான் ஆகிறது. அதற்கென்று தனி இடம் ஒதுக்க மூளைக்கு நேரம் போதவில்லை. அதனால் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பகுதியில், இடது பக்கம் பின்புறம் அடியில், ஒரு துண்டை எடுத்து எழுத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பெரிய வீட்டில் ஒரு அறையைத் தடுத்து வாடகைக்கு விடுகிற மாதிரி. பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஆன் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவரும் கூட்டாளிகளும் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் படிக்கத் தெரியாதவர்கள், பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்கள், சிறு வயதிலேயே கற்றவர்கள் ஆகியோரின் மூளைகளை ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்தைப் பார்க்கும் பகுதி மாறியிருந்தது. அதோடு, பேச்சைக் கேட்கும்போது வேலை செய்யும் பகுதியும் கூடுதலாகத் துலங்கியது. எழுத்து காதையும் மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில், முப்பதுகளில் இருந்த, பெரும்பாலும் பெண்களான ஒரு குழுவுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துக் கற்பித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. அவர்கள் எட்டியது ஒன்றாம் வகுப்பு அளவுதான். அதற்கே மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகள் வரை இணைப்பு மாறியிருந்தது என்று எழுதினார்கள்.

ஆக மாற்றம் நிஜம். ஆனால் தம்பி, இது படிக்கக் கற்றுக்கொண்டதால் வரும் மாற்றம். அது உங்களுக்கு ஆறு வயதிலேயே ஆகிவிட்டது. நாற்பத்தெட்டாவது புத்தகம் அதைத் திரும்பச் செய்யாது.

சிந்திக்கும் விதம் மாறுகிறதா என்பதுதான் நீங்கள் கேட்டது. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1931, 32 வாக்கில் அலெக்சாண்டர் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் பக்கம் போனார். படிப்பறிவில்லாத விவசாயிகளிடம் ஒரு கணக்குப் போட்டார். தூர வடக்கில், பனி பெய்யும் இடத்தில் கரடியெல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? வெள்ளை என்று பள்ளிக்கூடப் பிள்ளை பட்டென்று சொல்லிவிடும். விவசாயி சொன்ன பதிலின் சாரம் இது: எனக்கெப்படித் தெரியும், நான் கறுப்புக் கரடிதான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு பிராணி. அடித்துக் கேட்டாலும் பார்க்காததைப் பற்றிப் பேச மாட்டேன் என்று நின்றார்கள். எழுத்தும் பள்ளியும் வந்த பிறகுதான், கண்ணால் காணாத ஒன்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யோசிக்க மனிதன் பழகுகிறான் என்று லூரியா முடிவு கட்டினார். (எனக்கென்னவோ அந்த விவசாயி சொன்னதில் ஒரு நேர்மை தெரிகிறது. பார்க்காத கரடிக்கு நிறம் சொல்ல நாம்தான் ரொம்பத் தயாராக இருக்கிறோம்.)

அந்த முடிவில் ஒரு ஓட்டை உண்டு. எழுத்து மாற்றியதா, பள்ளிக்கூடம் மாற்றியதா? இரண்டும் ஒன்றாகத்தானே வருகின்றன. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு தோதான இடம் ஆப்பிரிக்காவில் லைபீரியாவில் கிடைத்தது. அங்கே வாய் என்ற மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. அதைப் பள்ளியில் கற்பதில்லை. மாமனோ சிநேகிதனோ சொல்லிக்கொடுப்பார்கள். கடிதம் எழுதவும் கணக்குக் குறிக்கவும் வைத்துக்கொள்வார்கள். சிலர் குர்ஆன் ஓத அரபு எழுத்துக் கற்றிருந்தார்கள். சிலர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் 1970-களில் இவர்களிடம் வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1981-இல் புத்தகமாகப் போட்டார்கள். கோல் யார் தெரியுமா, லூரியாவின் அந்த ஆய்வை ஆங்கிலத்தில் பதிப்பித்தவர். குருவின் முடிவைச் சீடரே சோதித்த மாதிரி.

என்ன தெரிந்தது? வாய் எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் கரடிக் கணக்கில் படிக்காதவர்களை விடப் பெரிதாக முந்தவில்லை. அதில் முந்தியவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள். ஆனால் ஒரு விளையாட்டின் விதிகளை அதைப் பார்த்தே இராத ஒருவருக்கு விளக்கச் சொன்னால், வாய் எழுத்துக்காரர்கள் நன்றாக விளக்கினார்கள். எதிரில் இல்லாத ஆளுக்குப் புரிகிற மாதிரிக் கடிதம் எழுதி எழுதிப் பழக்கம். குர்ஆன் ஓதியவர்கள், ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டே போய் வரிசையாக மனப்பாடம் செய்வதில் தேர்ந்திருந்தார்கள். ஓதுவது அப்படித்தானே நடக்கிறது.

இந்த ஆய்வைத்தான் உங்கள் கேள்விக்கு முதல் பதிலாகச் சொல்வேன். வாசிப்பு என்று ஒரே ஒரு மருந்து கிடையாது, குடித்தால் அறிவு வளர்வதற்கு. படிப்பதை எதற்காகப் பயன்படுத்துகிறோமோ அதில் கை தேறுகிறது. உங்கள் 48-ஐ இப்போது பாருங்கள். வாரத்துக்கு ஒன்று முடிக்க வேண்டும், லிஸ்டில் டிக் போட வேண்டும் என்று ஒரு வருஷம் பயிற்சி எடுத்தீர்கள். முடிப்பதில் தேறிவிட்டீர்கள். யோசிப்பதைப் பயிற்சி செய்திருக்க உங்களுக்கு நேரம் ஏது?

(லிஸ்டைப் போனில் காட்டினீர்களே, பாதிக்கு மேல் எப்படி உழைப்பது, எப்படி எழுந்திருப்பது, எப்படிப் பழகுவது வகையறா. அவற்றில் பல, பத்துப் பக்கக் கட்டுரையை 250 பக்கத்துக்கு இழுத்தவை. மறந்துபோனது உங்கள் தவறு இல்லை.)

கதை படித்தால் பிறர் மனசு புரியும் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. 2013-இல் கிட், கஸ்தானோ என்ற இருவர், இலக்கியத் தரமான கதையைக் கொஞ்ச நேரம் படித்தாலே மற்றவர் உணர்வை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று எழுதி, உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது வரவில்லை. பெயர் பெற்ற 21 சமூக அறிவியல் சோதனைகளைத் திரும்பச் செய்து 2018-இல் வெளியிட்டார்களே, அதில் 13 நின்றன. இது நிற்காதவற்றில் ஒன்று. வருஷக்கணக்கில் கதை படிப்பவர்கள் இந்த மாதிரிச் சோதனைகளில் கொஞ்சம் நன்றாகச் செய்வது தெரிகிறது. ஆனால் கதை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள் கதையைத் தேடிப் போகிறார்களா என்று சொல்வது கடினம். ஊர்ப்பட்ட கதை படித்துவிட்டு வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவைத் தனி டம்ளரில் காபி குடிக்க வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பேச்சை நான் அதிகம் நம்புவதில்லை.

சரி, ஏன் தங்கவில்லை?

படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். அது தாவித் தாவித்தான் போகிறது. ஒரு இடத்தில் கால் விநாடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். அதில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து தாவல் பின்னோக்கி. படித்த சொல்லுக்கே திரும்பப் போகும். வேக வாசிப்பு சொல்லித்தரும் ஆட்கள் இதை ஒரு கெட்ட பழக்கம் என்பார்கள். சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் மின்னவிட்டு, திரும்பிப் பார்க்கவே விடாத செயலிகள் கூட வந்தன. 2014-இல் ஒரு குழு இதைச் சோதித்தது. கண் தாண்டிப் போனவுடன் அந்தச் சொல்லை மறைத்துவிட்டார்கள். புரிதல் குறைந்துபோனது. அந்தப் பின்தாவல்தான், ‘இப்போது என்ன சொன்னான்?’ என்று நமக்குள் ஒருவர் கேட்பது. யோசனையின் மிகச் சின்ன வடிவம் அது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் வேகமாகப் படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் முழிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது திரும்பிப் போகத்தான்.

இன்னொரு காரணம், படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும் என்பது. எழுத்து எதிரில் இருக்கிறது, தெரிந்த சொற்கள், தலையாட்டிக்கொண்டே போகிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு பகுதியைச் சிலர் இரண்டு தடவை படித்தார்கள். சிலர் ஒரு தடவை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் இரண்டு தடவை படித்தவர்கள்தான் முன்னால்: இவர்களுக்கு 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். திரும்பப் படித்தவர்களிடம் மிஞ்சியது 42 சதவீதம், மூடிவைத்து எழுதியவர்களிடம் 56.

நம் ஊர்க்காரருக்கு இது புதுச் செய்தி இல்லை. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே பங்கு பிரித்துக் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை ஒருவன் ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் அவனுக்குப் பிடிபடும். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் அதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். நூல் பயிலும் முறையைச் சொல்கிற இடத்திலும் கேட்டதை நினைத்தல், கேள்வி கேட்டல், கேட்ட கேள்விக்கு விடை சொல்லல் என்று அடுக்குகிறார். அந்த நூலை எழுதச் சொன்ன சீயகங்கன், கோலாருக்குத் தலைவன் என்ற பட்டம் வைத்திருந்த கங்க குலத்தவன். இங்கிருந்து இரண்டு மணி நேர தூரத்துப் பெயர். பெங்களூர்க்காரியாக எனக்கு அதில் ஒரு சின்ன பெருமை.

பவணந்தியின் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் 48 புத்தகத்திலும் கால் கால் பங்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள். மீதி முக்கால் உங்கள் பேச்சுக்காகக் காத்திருக்கிறது.

இதை நான் ஆய்வைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவர் பின்னி மில் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் காலை ஷிப்டு முடிந்து வந்து தந்தி பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவது அந்தப் பேப்பரின் பாணி. சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கும்போதே மனசில் வைத்திருந்தது அது. கடையில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எதிர்க்கேள்வி போடத் தெரியும். “அப்படியா போட்டிருக்கான்? இன்னொருக்கா படி” என்பார்கள். டீ ஆறும்.

வீட்டுக்கு வந்தால் பாட்டி பிடித்துக்கொள்வார். அவருக்கும் எழுத்துத் தெரியாது. “இன்னைக்கு என்னடா போட்டிருக்கான்?” அப்பா தன் வார்த்தையில் சொல்வார். ஒரு நாள், எந்த ஊரோ, ஒரு வீட்டில் நகை திருடு போய் வேலைக்காரப் பெண்ணைப் பிடித்துப் போன செய்தி. “வேலைக்காரி எடுத்துட்டாம்மா, அஞ்சு பவுன்” என்றார் அப்பா. பாட்டி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். “அவ எடுத்ததை யாரு பாத்தா?” அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பேப்பர் டீக்கடையில் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தச் செய்தியைத் தேடி மறுபடி படித்தார். ‘போலீசார் சந்தேகிக்கிறார்கள்’ என்றுதான் இருந்தது. எடுத்தாள் என்று எங்கேயும் இல்லை.

“நானாத்தான் சேத்துக்கிட்டேன்” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நம்மை நாமே புரிந்துகொள்வது என்றீர்களே, நான் கண்ணால் பார்த்த முதல் தடவை அதுதான். படித்தபோது அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எழுத்தில் இருந்ததற்கும் தன் மனசு சேர்த்ததற்கும் நடுவே இடைவெளி இருப்பது, திருப்பிச் சொன்ன இடத்தில் வெளிப்பட்டது. நமக்குள் இருக்கும் முன்முடிவு அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பேசாமல், யாரும் கேட்காமல், மூடிவைத்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போனால் அது பத்திரமாக அங்கேயே இருக்கும்.

வள்ளுவர் இதை இன்னும் கசப்பாகச் சொல்கிறார். நுண்ணிய நூல்கள் எத்தனை கற்றாலும் கடைசியில் அவனவனுக்கு உள்ள அறிவுதான் மேலே நிற்கும் என்கிற குறள், எண் 373. கல்வி அதிகாரத்தில் தேடினால் கிடைக்காது, ஊழ் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் ஏரிக்கரையில் இருக்கிற வள்ளுவர் சிலை 1991-இல் வைக்கப்பட்டு, 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்தக் குறள் எனக்கு நினைவு வரும். ஊழ் என்று விட்டுவிட எனக்கு மனசு வருவதில்லை. ஆனால் புத்தகம் தானாக உள்ளே புகுந்து ஒருவனைத் திருத்தாது என்பதை அவர் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது தமிழ். மெதுவாகப் போகிறது என்று வருத்தப்பட்டீர்கள். எனக்கு அது நல்ல செய்தி.

நம் எழுத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பள்ளியில் கன்னடம் படித்துவிட்டு என்னிடம் தமிழ் கற்க வரும் பிள்ளைகள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள். “கன்னடத்துல நாலு க இருக்கு, இங்க ஏன் ஒண்ணே ஒண்ணு?” பாம்பு என்று எழுதிக் காட்டுவேன். முதல் ப ஒரு சத்தம், கடைசிப் பு வேறு சத்தம், எழுத்து ஒன்றுதான். இடத்தைப் பார்த்து நாம்தான் சத்தத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஓலைச்சுவடியில் இன்னும் மோசம். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. வாய்விட்டுப் படித்துக் காதால் கேட்டால்தான் சொல் எங்கே முடிகிறது என்று தெரியும். தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், நாதஸ்வரத்தையும் வாசிக்கிறோம். சத்தம் இல்லாமல் வாசிப்பது பிற்பாடுதான் பரவலானது. ஐரோப்பாவிலும் அப்படித்தான். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் வாயசைக்காமல் படிப்பதைப் பார்த்ததை அகஸ்தீன் ஒரு குறிப்பிடத்தக்க செய்தியாக எழுதி வைத்திருக்கிறார்.

மௌனமாகப் படித்தாலும் சத்தம் முழுதாகப் போய்விடுவதில்லை. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை வைக்கப்பட்டிருந்தவர்களை 2012-இல் ஒரு பிரெஞ்சுக் குழு பார்த்தது. அவர்கள் மௌனமாகப் படிக்கும்போது, மனிதக் குரலைக் கேட்டால் எழும்புகிற பகுதி எழும்பியது. உள்ளே ஒரு குரல் படித்துக்கொண்டிருக்கிறது. கவனமாகப் படித்தால் அது கூடுகிறது.

உங்களுக்கு ஆங்கிலத்தில் அந்தக் குரல் யாருடையது? யோசித்துப் பாருங்கள். தமிழில் எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லி, ‘ஓ, இது நம்ம ஆயா சொல்ற வார்த்தை’ என்று திடுக்கிடுகிற பிள்ளைகளை மாதம் ஒருவராவது நான் பார்க்கிறேன். பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி ‘வந்துகொண்டிருந்தான்’ என்று அச்சில் இருப்பதை ‘வந்துட்டிருந்தான்’ என்றே படிப்பாள். திருத்தச் சொல்லி அவள் அம்மா என்னைப் பார்ப்பார். நான் திருத்துவதில்லை. எழுத்துத் தமிழைத் தன் வீட்டுத் தமிழுக்கு அவள் அந்தக் கணத்திலேயே மாற்றுகிறாள், பொருள் புரியாமல் அதைச் செய்ய முடியாது. நீங்களும் அந்த மாற்றலைச் செய்துகொண்டுதான் படிக்கிறீர்கள். மெதுவாகத்தான் போகும். அலுவலகக் கூட்டத்தில் பேசும் மொழிக்கு எட்டாத சில விஷயங்கள், அம்மாவோடு போட்ட சண்டை, சொந்தக்காரர் கல்யாணத்தில் பட்ட அவமானம், இவையெல்லாம் உங்களுக்கு எந்த மொழியில் நடந்தன? அவற்றை யோசிக்க அந்த மொழியில் கொஞ்சம் வாக்கியங்கள் கையில் இருந்தால் நல்லது.

வாரம் பத்துப் பக்கம் போதும். வாய்விட்டுப் படியுங்கள்.

திரையா காகிதமா என்றும் யாரோ அன்று கேட்டார்கள். 54 ஆய்வுகளை, மொத்தம் ஒன்றே முக்கால் லட்சம் பேர் அளவுக்கு, சேர்த்துப் பார்த்து 2018-இல் வந்த கணக்கில் தகவல் கட்டுரைகளுக்குக் காகிதம் கொஞ்சம் முந்துகிறது. அவசரமாகப் படிக்கும்போது வித்தியாசம் கூடுகிறது. கதைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மெட்ரோவில் நின்றுகொண்டு போனில் நாவல் படிப்பதற்கு யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

கப்பன் பார்க்கில் 2023 முதல் சனிக்கிழமைகளில் புல்தரையில் பாய் விரித்துக் கும்பலாக மௌனமாகப் படிக்கிறார்களே, அங்கே போகலாமா என்றும் கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள். நானும் இரண்டு தடவை போனேன். மரத்தடியில் அத்தனை இளவட்டங்கள் போனை வைத்துவிட்டுப் படிப்பதைப் பார்க்க மனசு நிறைந்தது. ஆனால் டீக்கடையில் வளர்ந்தவளுக்கு, பக்கத்துப் பாயில் இருப்பவரை ‘என்ன போட்டிருக்கான்?’ என்று கேட்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

நான் செய்வதைக் கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அத்தியாயம் முடிந்தால் புத்தகத்தை மூடிவிட்டு, அல்சூர் மார்க்கெட் வரை நடந்து போய்க் கறிவேப்பிலையோ தேங்காயோ வாங்கி வருவேன். போகும்போது படித்ததைப் பாட்டிக்குச் சொல்கிற மாதிரி மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எங்கே திக்குகிறதோ அங்கே எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். எங்கே ரொம்பச் சரளமாக வருகிறதோ அங்கே நானாக எதையோ சேர்த்திருக்கிறேன் என்று சந்தேகப்படுவேன். வந்ததும் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்ப்பேன்.

அப்புறம் பென்சில். 22 வயதில் படித்த நாவல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டை விற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தாய் பேசுகிற பக்கத்தின் ஓரத்தில், ‘சுத்த சுயநலம்!’ என்று ஆச்சரியக்குறியோடு எழுதி வைத்திருக்கிறேன். 52 வயதில், அப்பா போன பிறகு ஸ்ரீராமபுரம் வீட்டை விற்கலாம் என்று என் கூடப்பிறந்த தம்பி சொன்ன சமயத்தில், அதே பக்கத்துக்கு வந்தேன். நாவல் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அந்த ஆச்சரியக்குறியைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. அழிக்கவில்லை. பக்கத்தில் தேதி மட்டும் போட்டேன். என் இருபத்திரண்டு வயது எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் இருக்கிற மிகச் சரியான சாட்சி அதுதான். போட்டோவில் சிரித்துக்கொண்டல்லவா இருக்கிறேன்.

சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் இந்த மாதிரி ஓரக் குறிப்புள்ள பிரதியாகப் பார்த்து எடுப்பேன். முன்பின் தெரியாத ஒருவர் எங்கே நின்றார், எங்கே கோபப்பட்டார் என்று தெரியும். பேச ஆள் கிடைக்காத நாளில் அது ஒரு துணை.

இந்த வருஷமும் 48 எடுக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எண்ணுவது பிடித்திருந்தால் எண்ணுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாடி எங்கள் வீட்டில். அந்த லிஸ்டிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டும், எங்கள் அத்தைக்கு. அவருக்கு 84 வயது, காது கொஞ்சம் மந்தம், நடு நடுவே கேள்வி கேட்பார். புத்தகத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.